சோதனை மின்சான்றிதழ்களும் சாவிகளும்: ஷெல் ஸ்கிரிப்ட் வழி உருவாக்கம்

சோதனை மின்சான்றிதழ் என்பது மென்பொருள் எழுதுபவர் தம் கணினியில் தாமே உருவாக்கிக்கொள்ளும் சான்றிதழ். தாம் எழுதிய மென்பொருளின் பாதுகாப்பான இணைப்பு, கையொப்பம், அடையாளச் சரிபார்ப்பு ஆகியவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு இது தேவைப்படுகிறது. வடிவத்தில் இது உண்மையான சான்றிதழிலிருந்து சற்றும் வேறுபடாது. இரண்டும் 1988இல் வெளியான எக்ஸ்.509 தரத்தைப் பின்பற்றுபவை. இரண்டிலும் உரியவர் பெயர், பொதுச் சாவி, செல்லுபடிக் காலம், வழங்கியவரின் கையொப்பம் ஆகியவை உண்டு. உண்மையான சான்றிதழை வழங்கியவரை உலாவிகளும் இயங்குதளங்களும் அறிந்திருக்கும். சோதனைச் சான்றிதழை வழங்கியவரைச் சோதனைக் கணினிகளுக்கு வெளியே யாரும் அறியமாட்டார்கள், அறியவும் கூடாது.

பெங்களூரில் இது அன்றாட வேலை. இந்தியாவில் உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனங்களுள் ஒன்றான இமுத்ராவின் தலைமையகம் இந்நகரில்தான் உள்ளது. ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்ப மையமும் இங்கேதான். இந்நகரின் விவேக் நகர், தமிழர் பலர் வாழும் பகுதி. அதை ஒட்டியிருக்கும் கோரமங்களாவில்தான் 2007இல் இணைய வணிக நிறுவனமான ஃபிளிப்கார்ட் தொடங்கியது. சான்றிதழ் வழங்குவோரும் அதை நம்பி நிரல் எழுதுவோரும் ஒரே நகரில் இருப்பதால், சோதனைச் சான்றிதழ் பற்றிய தெளிவு இங்கே மிகவும் வேண்டியது.

ஏன் ஸ்கிரிப்ட்

சாவிகளையும் சான்றிதழ்களையும் உருவாக்கப் பெரும்பாலோர் பயன்படுத்துவது 1998இல் தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் கட்டளைகள் நீளமானவை. கையால் தட்டச்சு செய்தால் ஏதாவதொரு தெரிவு விடுபட்டுப்போகும். எந்தத் தெரிவுகளோடு ஒரு சான்றிதழ் உருவானது என்பதும் சில மாதங்களில் மறந்துவிடும். ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால் அந்தக் கோப்பே ஆவணமாகிவிடும். யார் இயக்கினாலும் அதே அமைப்பில் புதிய சாவிகள் கிடைக்கும்.

பெரிய திட்டங்கள் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. ஓப்பன்விபிஎன் குழுவின் சான்றிதழ் உருவாக்கும் கருவியான ஈசி-ஆர்எஸ்ஏ முழுக்க ஷெல்லில் எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு மூலநிரலில், கையொப்பச் சாவிகளை உருவாக்க மேக்-கீ என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சோதனைக் கோப்புறையிலும் நல்ல சான்றிதழ்களையும் கெட்ட சான்றிதழ்களையும் வரிசையாக உருவாக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகள் உள்ளன. இந்தத் துறையைக் கற்க விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியவை அவை.

உருவாக்கும் முறை

விவேக் நகரிலிருந்து இயங்கும் சிறிய நிறுவனம் ஒன்று தன் பணப்பரிவர்த்தனைச் செயலியைச் சோதிக்க விரும்புகிறது என்று கொள்வோம். ஸ்கிரிப்டின் முதல் வரிகள் சாவிகளைப் பற்றியவையாக இருக்கத் தேவையில்லை. பிழை நேர்ந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும் என்ற ஆணையும், இனி உருவாகும் கோப்புகளை உரியவர் தவிர வேறெவரும் படிக்கக் கூடாது என்ற யூமாஸ்க் 077 அமைப்பும் முதலில் வரவேண்டும். சாவியை உருவாக்கிய பிறகு அனுமதியை மாற்றுவோர் உண்டு. அப்படிச் செய்தால் இடைப்பட்ட நேரத்தில் சாவி எல்லோருக்கும் திறந்து கிடக்கக்கூடும்.

அடுத்து மூலச் சாவி. ஆர்எஸ்ஏ என்றால் 2048 பிட்டுக்குக் குறையக் கூடாது. நீள்வட்ட வளைவு என்றால் பி-256 போதும். அந்தச் சாவியாலேயே கையொப்பமிட்டு மூலச் சான்றிதழை உருவாக்குகிறோம். பிற சான்றிதழ்களில் கையொப்பமிட இதற்கு உரிமை உண்டு என்பதை அதனுள் குறிப்பிட வேண்டும். பிறகு, மூலச் சாவியால் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழ், அதற்குக் கீழே சர்வருக்கு ஒன்று, வாடிக்கையாளர் செயலிக்கு ஒன்று. இடைநிலையை விட்டுவிட ஆசை எழும், விடக் கூடாது. உண்மையான சான்றிதழ்கள் இடைநிலை வழியாகவே வருகின்றன. சர்வர் அதைச் சேர்த்து அனுப்ப மறப்பது அடிக்கடி நிகழும் பிழை. இடைநிலை இல்லாத சோதனையில் அந்தப் பிழை கண்ணில் படவே படாது.

பெயர் விஷயத்தில் நான்கு செய்திகள் முக்கியம். சர்வரின் பெயரை மாற்றுப்பெயர்ப் பகுதியில் எழுத வேண்டும். 2017இல் வந்த குரோம் 58 முதல், பழைய பொதுப்பெயர்ப் புலத்தை அந்த உலாவி கண்டுகொள்வதில்லை. டொமைனாக, சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்ட டாட் டெஸ்ட் பின்னொட்டைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. டாட் டெவ் என்று வைத்துப் பழகியவர்கள், அது கூகுளின் உண்மையான டொமைனாகி, 2017 இறுதியில் குரோம் அதற்குப் பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கியபோது தடுமாறினார்கள். நிறுவனப் பெயர், ஊர்ப் பெயர் புலங்களில் தமிழெழுத்து தாராளமாக இருக்கலாம். யூடிஎஃப்-8 என்று கட்டளையில் சொன்னால் விவேக் நகர் என்பது விவேக் நகர் என்றே பதிவாகும். டொமைன் தமிழில் இருந்தால் மட்டும் அதை ஆங்கில எழுத்து வடிவமான ப்யூனிகோடாக மாற்றி எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்களைக் கையாளும் செயலியை ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதிப்பது அரைச் சோதனைதான்.

வரிசை எண்ணும் கவனத்துக்குரியது. ஒவ்வொரு முறையும் 01 என்று எண் கொடுக்கும் ஸ்கிரிப்டுகள் நிறைய உலவுகின்றன. ஒரே வழங்குநர் பெயரும் ஒரே வரிசை எண்ணும் கொண்ட இரு சான்றிதழ்களைக் கண்டால் ஃபயர்பாக்ஸ் இணைப்பையே மறுத்துவிடும். வரிசை எண்ணை எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுந்தமான எண்களின் தரம் சாவிக்கும் உயிர்நாடி. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பராமரிப்பில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றத்தால், அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்கக்கூடிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் நீளத்திலும் 32,767 என்ற அளவுக்குச் சுருங்கின. 2008 மே மாதத்தில்தான் அது வெளிப்பட்டது. ஸ்கிரிப்டில் எந்த ஓட்டையும் இல்லாவிட்டாலும் சாவி பயனற்றதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

செல்லாதவையும் வேண்டும்

செல்லும் சான்றிதழை ஏற்கிறதா என்று மட்டும் பார்ப்பது சோதனையின் எளிய பாதி. காலாவதியானது, இன்னும் தொடங்காதது, வேறு பெயருக்கு வழங்கப்பட்டது, அறியாதவர் கையொப்பமிட்டது, இடைநிலைக்குரிய உரிமை இல்லாத சான்றிதழால் கையொப்பமிடப்பட்டது என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றை ஸ்கிரிப்ட் உருவாக்க வேண்டும். செயலி அவை ஒவ்வொன்றையும் மறுக்க வேண்டும். சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு வெளிவந்த செயலி, நல்ல சான்றிதழ்களை மட்டும் கொண்ட சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

காலம் பற்றி இருவேறு வழக்கங்கள் உள்ளன. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சோதனை ஸ்கிரிப்ட் ஏறத்தாழ 100 ஆண்டுச் செல்லுபடியை வைக்கிறது. சோதனைகள் எதிர்காலத்தில் தாமாக முறிந்துவிடக் கூடாது என்பதே காரணம். அந்த அச்சம் நியாயமானது. அத்தொகுப்பிலேயே இருந்த வேறு சில சான்றிதழ்கள் 2022 ஜூன் 1 அன்று காலாவதியாக, நிரலில் ஒரு எழுத்தும் மாறாமலேயே சோதனைகள் தோற்றன. ஆனால் செயலிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சோதனைக்கும் ஸ்கிரிப்டை இயக்கிப் புதிதாக, ஓரிரு நாள் மட்டும் செல்லும்படி உருவாக்குவதே சிறந்தது. உண்மையான இணையதளச் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது: 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்ட முடிவின்படி 2029 மார்ச் முதல் அதிகபட்சம் 47 நாள். சான்றிதழ் மாறும்போது தடுமாறாத மென்பொருளை எழுத, அடிக்கடி மாறும் சான்றிதழோடுதான் பழக வேண்டும்.

எல்லை தாண்டிய சோதனைகள்

2015 செப்டம்பரில், சிமாண்டெக் நிறுவனத்தின் கீழ் இருந்த தாவ்ட் என்ற சான்றளிக்கும் நிறுவனம், கூகுள் டாட் காமுக்குக் கூகுளின் அனுமதியின்றி ஒரு முன்சான்றிதழை (சான்றிதழின் முன்வடிவை) வழங்கியது, சான்றிதழ்களைப் பதியும் பொதுப் பதிவேடுகள் வழியே தெரியவந்தது. உள்ளகச் சோதனைக்காகச் செய்தது என்றது சிமாண்டெக். தோண்டியபோது, 76 டொமைன்களுக்கு மேலும் 164 சோதனைச் சான்றிதழ்களும், பதிவே செய்யப்படாத டொமைன்களுக்கு 2,458 சான்றிதழ்களும் வெளிப்பட்டன. உலகம் நம்பும் மூலச் சாவியைக் கொண்டு சோதனை செய்ததுதான் அங்கே நடந்த தவறு. 2017இல் வேறு குறைகளும் சேர்ந்துகொள்ள, 2018 அக்டோபரில் வந்த குரோம் 70 சிமாண்டெக்கின் பழைய சான்றிதழ்களை நம்புவதை நிறுத்தியது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒன்றை 2024 ஜூலையில் பைனார்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளிப்படுத்தியது. கணினிகளின் தொடக்க மென்பொருளை எழுதும், சென்னையிலும் அலுவலகம் உள்ள அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், கணினித் தயாரிப்பாளர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்று கொடுத்திருந்த சோதனைச் சாவி, மாற்றப்படாமலே பல முன்னணி நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான கணினி வகைகளில் விற்பனைக்குப் போயிருந்தது. அந்தச் சான்றிதழின் பெயரிலேயே நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தது. பெயரில் எச்சரித்தால் போதாது. சோதனைச் சாவியைக் கண்டால் வெளியீட்டையே நிறுத்தும் சரிபார்ப்பு, தொகுக்கும் ஸ்கிரிப்டிலேயே இருக்க வேண்டும்.

இந்தியாவின் சொந்தப் பாடம் 2014 ஜூலையில் வந்தது. தேசியத் தகவல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள், யாஹூ டொமைன்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தன. அதன் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. இந்திய மூலச் சான்றிதழின் அதிகாரத்தை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி முதலிய சில டொமைன்களுக்குள் குரோம் அடைத்தது. அந்த அடைப்பைச் சோதனை மூலச் சான்றிதழுக்கு நாமே முன்கூட்டிப் போட முடியும். பெயர்க் கட்டுப்பாடு என்ற நீட்சியில் டாட் டெஸ்ட் மட்டும் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால், அந்தச் சாவி திருடுபோனாலும், கட்டுப்பாட்டை மதிக்கும் மென்பொருள்களில் அதைக்கொண்டு வங்கி இணையதளம் போல நடிக்க இயலாது. சக ஊழியர்களின் கணினிகளில் சோதனை மூலத்தை நிறுவும் ஒவ்வொரு குழுவும் இந்த வரியைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான மாதிரி ஸ்கிரிப்டுகளில் இது இருப்பதில்லை.

சட்ட நிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்றவர்கள் வழங்கும் சான்றிதழுக்கே சட்ட மதிப்பு. ஸ்கிரிப்டில் பிறந்த சான்றிதழால் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் அது சட்டப்படி மின்கையொப்பம் ஆகாது. மோசடி நோக்கத்தோடு சான்றிதழை உருவாக்கி வெளியிட்டால், 74ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனப் பதிவு, மின்டெண்டர் முதலியவற்றுக்கு வேண்டிய கையொப்பச் சான்றிதழை, அடையாளச் சரிபார்ப்புக்குப் பின் உரிமம் பெற்ற நிறுவனமே தரும். அதன் தனிச் சாவி யூஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும். எந்த ஸ்கிரிப்டைக் கொண்டும் அதைப் படியெடுக்க வழியில்லாதபடிதான் அந்த டோக்கன்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.