பயண நினைவுக் காந்தவில்லைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பயணம் சென்று மீள்வோர் தம்முடன் ஒரு சிறு பொருளைக் கொண்டுவருவதும், அதனை உற்றார்க்கும் நண்பர்க்கும் பகிர்ந்தளிப்பதும் உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். இன்று இவ்வழக்கம் பெரும்பாலும் ஒரே வகைப் பொருளில் வந்து நிலைகொண்டுள்ளது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் குளிர்பதனப் பெட்டியின் கதவை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். ஈபில் கோபுரம், லண்டன் மாநகரின் சிவப்புப் பேருந்து, தாஜ்மகால், தஞ்சைப் பெரிய கோயில், பத்துமலை முருகன், சிங்கப்பூரின் மெர்லயன் ஆகியன உள்ளங்கையுள் அடங்கும் அளவினவாய் அக்கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் காந்தம் பதித்த இந்நினைவுப் பொருள்களை இக்கட்டுரையில் ‘காந்தவில்லை’ எனக் குறிப்போம்.

மலிவானவை, ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டவை என்னும் காரணங்களால் ஆய்வாளர்கள் இவற்றைப் பொருட்படுத்துவது அரிது. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலுமா, இயலுமாயின் எந்த அளவிற்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நமக்கு ஓர் எளிய நிகழ்ச்சியால் எழுந்தது. நம் இல்லத்தில் பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றியபோது, புதிய பெட்டியின் எஃகுக் கதவு காந்தத்தை ஏற்கவில்லை. எஃகு வகைகளுள் நிக்கல் மிகுதியும் கலந்த சில, காந்தத்தால் ஈர்க்கப்படா. ஆகவே பல்லாண்டுகளாகச் சேர்ந்த காந்தவில்லைகளை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் இட்டு வைத்தோம். பின்னொரு நாள் எடுத்துப் பார்த்தபோது, ஈபில் கோபுர வில்லைகள் மூன்று கிடைத்தன. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றுள் ஒன்று, நம்முடன் நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றி மறைந்த நண்பர் ஒருவர் அன்புடன் தந்தது. அது எது என்பதை நம்மால் கூற இயலவில்லை.

கொண்டுவரும் மரபு

காந்தமும் இரும்பும் தமிழ்ச் சிந்தனைக்குப் புதியன அல்ல. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், காந்தத்தின் முன் நின்ற இரும்பை உவமையாக எடுத்தாள்கின்றது. சென்ற இடத்தின் நினைவைச் சுமந்து வரும் பொருளும் நமக்குப் புதியதன்று. இராமேசுவரத்து மணலைக் காசிக்குக் கொண்டுசென்று, காசியிலிருந்து கங்கை நீரை இராமேசுவரத்திற்குக் கொண்டுவருவது தொன்றுதொட்ட யாத்திரை மரபு. வாய் மூடி அடைக்கப்பட்ட கங்கைச் சொம்பும் காசிக்கயிறும் யாத்திரை செல்ல இயலாத உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பகிரப்பட்டன. பெறுபவர் தாம் காணாத தலத்தோடு அப்பொருளின்வழி உறவு கொண்டார். நண்பர் தரும் காந்தவில்லையிலும் இவ்வியல்பின் சாயல் உண்டு.

பிற நாட்டு மரபுகளிலும் இதனைக் காணலாம். இங்கிலாந்தின் காண்டர்பரிப் பேராலயத்தில் 1170இல் கொலையுண்ட தாமஸ் பெக்கெட், 1173இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார். அவர் திருவிடத்தை நாடி வந்த மக்களுக்கு வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த சிறு வில்லைகள் விற்கப்பட்டன. அவற்றை மக்கள் தொப்பியிலும் மேலாடையிலும் தைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அத்திருவிடம் அழிக்கப்பட்டது. அது எவ்வாறு இருந்தது என்பதை அறிய இன்று உதவும் சான்றுகளுள், தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கிடைத்த அம்மலிவு வில்லைகளும் அடங்கும்.

புத்தகயாவின் சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலப்பகுதியைச் சார்ந்த மகாபோதிக் கோயிலின் சிறு கல் மாதிரிகள் நேபாளம், திபெத்து, மியன்மார் ஆகிய இடங்கள் வரை சென்றுள்ளன. 1880களில், சிதைந்திருந்த அக்கோயில் அலெக்சாண்டர் கன்னிங்காமின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டபோது, அவ்விடத்தில் கிடைத்த சிறு கல் மாதிரி ஒன்று கோயிலின் பழைய வடிவத்தை உணரத் துணைநின்றது. கையடக்கமான ஒரு மாதிரி, கோயில் மீண்டும் எழ உதவியது என்பது எண்ணத்தக்கது. அச்சில் அழுத்திய பௌத்தக் களிமண் வில்லைகள் மலேசியாவின் பெர்லிஸ், கிளந்தான் மாநிலக் குகைகளிலும் கிடைத்துள்ளன. இவை வழிபாட்டுப் பொருள்களே அன்றி வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல. எனினும் சிறிய, தட்டையான, எளிதில் பெருக்கத்தக்க ஒரு வில்லை கடல்கடந்த தொடர்பிற்குச் சான்றாகும் என்பதற்கு இவை தக்க எடுத்துக்காட்டாகும்.

அஞ்சலட்டையின் முதுகு

காந்தவில்லைக்கு முன்னர் அவ்விடத்தைப் பெற்றிருந்தது படஅஞ்சலட்டை. 1869 அக்டோபர் 1ஆம் நாள் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் அஞ்சலட்டை முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1894இல் பிரிட்டன், தனியார் அச்சிடும் அட்டைகளையும் அஞ்சலில் அனுப்ப இசைந்தது. தொடக்கத்தில் அட்டையின் பின்பக்கம் முகவரிக்கு மட்டுமே உரியதாய் இருந்தது. செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டியிருந்தது. 1902இல் அப்பின்பக்கம் இரண்டாகப் பகுக்கப்பட்டு, ஒரு பாதி முகவரிக்கும் மறுபாதி செய்திக்கும் ஒதுக்கப்பட்டது.

சிங்கப்பூரில் 1867இல் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவிய ஒளிப்பட நிலையம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகை அட்டைகளை வெளியிட்ட நிறுவனங்களுள் ஒன்றாகும். மலாயாப் படஅட்டைகளில் தமிழரும் இடம்பெற்றனர். ஆயின் பெயருடைய மனிதராக அன்று. ‘தமிழ்ப் பெண்’, ‘பால்மரம் சீவும் தொழிலாளர்’ என்றாற்போன்ற வகைப்பெயர்களோடும், சில அட்டைகளில் ‘கிளிங்’ என்னும் இழிவழக்கோடும் காட்டப்பட்டனர். படத்தின் நோக்கு இவ்வாறு குறையுடையதாயினும், அவ்வட்டை ஆய்வாளர்க்கு அருஞ்சான்றாக விளங்குகின்றது. அதற்குக் காரணம் அதன் முதுகு. அங்கே அஞ்சல் முத்திரையில் நாளும் ஊரும் உள்ளன. அனுப்பியவர் கையெழுத்து உள்ளது. பெற்றவர் முகவரி உள்ளது. முன்பக்கம் எல்லார்க்கும் பொது. பின்பக்கமோ இருவர்க்கு மட்டுமே உரியது.

காந்தம் கதவிற்கு வந்த வரலாறு

காந்தவில்லை தோன்றுவதற்கு இரண்டு பொருள்கள் ஒருங்கு கூடவேண்டியிருந்தன. ஒன்று மலிவான காந்தம்; மற்றொன்று வீட்டின் நடுவே இரும்புத் தகட்டாலான அகன்ற பரப்பு. 1930இல் ஜப்பானில் யோகொரோ கட்டோவும் தாக்கேஷி தாக்கேயும் இரும்பு ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட ஃபெரைட் என்னும் காந்தப்பொருளை உருவாக்கினர். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் பேரியம் கலந்த ஃபெரைட்டை அறிமுகப்படுத்தினர். இதனைத் தூளாக்கி ரப்பருடனோ பிளாஸ்டிக்குடனோ கலந்தால் வளைக்கவும் வெட்டவும் தக்க காந்தப் பட்டை கிடைக்கும்.

இப்பட்டை குளிர்பதனப் பெட்டிக்குள் அலங்காரமாக நுழையவில்லை. உயிர் காக்கும் பொருளாகப் பரவியது. அக்காலப் பெட்டிகள் வெளியிலிருந்து மட்டுமே திறக்கத்தக்க தாழ்ப்பாள் கொண்டவை. கைவிடப்பட்ட பெட்டிகளுள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளிவர இயலாது மூச்சடைத்து மாண்டனர். அதனால் உள்ளிருந்தும் கதவைத் திறக்க இயலவேண்டும் என 1956இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அது 1958 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. தாழ்ப்பாள் மறைந்து, கதவின் விளிம்பில் காந்தப் பட்டை பதிக்கும் முறை பரவியது. கதவைச் சாத்திவைக்கும் அதே வகைக் காந்தமே பின்னர்க் கதவின் முகப்பில் படங்களைத் தாங்கலாயிற்று.

வில்லையின் அமைப்பில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. தட்டையான வில்லைகள் பலவற்றில் காந்த ஆற்றல் பின்பக்கத்தில் மிகுந்தும், படமுள்ள முன்பக்கத்தில் குறைந்தும் இருக்குமாறு செய்யப்படுகின்றது. அஞ்சலட்டையில் எழுத்திற்கு உரியதாயிருந்த முதுகு, இங்கே காந்தத்திற்கு உரியதாயிற்று. இடமும் இல்லை, அஞ்சலில் தனியே செல்லாமையால் முத்திரையும் இல்லை.

எடை குறைவு, உடையும் அச்சமின்மை, மலிவு ஆகியவை இதன் பரவலுக்குக் காரணங்கள் எனலாம். 2001 டிசம்பரில் ஏர் ஆசியா புதிய உரிமையாளரின் கீழ் மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கிய பின்னர், நம் வட்டாரத்தில் எளிய குடும்பத்தினரும் வானூர்தியில் பயணம் செய்யலாயினர். பயணப்பையின் எடைக்குக் கட்டணம் செலுத்துவோர்க்கு, பத்து நண்பர்க்குப் பத்து வில்லைகள் வாங்குவது எளிதாயிற்று.

வில்லை காட்டும் காலம்

நாளும் பெயரும் இன்மையால் காந்தவில்லை முற்றிலும் ஊமை என்று கொள்ளவேண்டுவதில்லை. அதன் முகப்பே சில செய்திகளைக் கூறும். பத்துமலையை எடுத்துக்கொள்வோம். தம்புசாமிப் பிள்ளை 1891இல் தோற்றுவித்த அத்தலத்தில், 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. 272 படிகளுக்கும் 2018 ஆகஸ்டில் பலவண்ணம் தீட்டப்பட்டது. ஆகவே வண்ணப்படிகளைக் காட்டும் வில்லை 2018க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. சிலையைக் காட்டி வண்ணப்படிகளைக் காட்டாத வில்லையின் படம் பெரும்பாலும் அவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டதாகும்.

சிங்கப்பூரின் மெர்லயனும் இத்தகையதே. 1964இல் சுற்றுலாக் கழகச் சின்னமாக வரையப்பட்டு, 1972இல் சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் சிலையாக எழுந்து, 2002இல் இன்றுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. அதன் பின்னே மரினா பே சேண்ட்ஸ் கட்டடம் தெரியுமாயின் அவ்வில்லை 2010ஐ ஒட்டியோ அதன் பின்னரோ தோன்றியதாகும். செந்தோசாத் தீவில் நின்ற 37 மீட்டர் உயர மெர்லயன் 2019 அக்டோபரில் மூடப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டது. அதன் உருவம் பதித்த வில்லை, காண்டர்பரி வில்லையைப் போல, இன்று இல்லாத ஒன்றின் சான்றாகிவிட்டது.

எனினும் இம்முறையில் எச்சரிக்கை வேண்டும். பழைய படம் பல்லாண்டுகள் கழித்தும் அச்சிடப்படலாம்; கடையில் தேங்கிய சரக்கு பின்னர் விற்கப்படலாம். எனவே முகப்பைக் கொண்டு ‘இதற்கு முற்பட்டதன்று’ என்று துணியலாமே தவிர, ‘இதற்குப் பிற்பட்டதன்று’ என்று துணிதல் கூடாது. மேலும், வில்லைகளின் பெரும்பகுதி இன்று சீனத்தில் உருவாகின்றது. ஒரே அச்சில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வார்க்கும் வழக்கமும் உண்டு. ஆதலின் அது காட்டும் ஊரும் அது தோன்றிய ஊரும் வெவ்வேறாகும்.

வில்லை காட்டாதவை

கல்வெட்டோ செப்பேடோ எதைக் கூறுகின்றது என்பதோடு எதைக் கூறவில்லை என்பதையும் நோக்குவது வரலாற்று முறை. சுற்றுலாப் பயணி நாடும் இடங்களுக்கே வில்லை உண்டு. 88 மாடி இரட்டைக் கோபுரத்திற்கு எண்ணற்ற வில்லைகள் கிடைக்கின்றன. தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்து லயங்களையும், பெரட்டுக்களத்தையும், ஆயாக் கொட்டகையையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் பொறித்த வில்லையை நாம் கண்டதில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் மறைந்துவிட்டன. அங்கிருந்து வெளியேறியோர் பயணிகள் அல்லர். அவர்களுக்கு நினைவுப்பொருள் விற்கக் கடை இருந்ததில்லை. எனவே காந்தவில்லைகளை மட்டும் கொண்டு நம் நாட்டு வரலாற்றை எழுதப்புகின், அதில் தமிழர்க்குப் பத்துமலை ஒன்றே எஞ்சும். சான்றின் இவ்வெல்லையை மாணவர்க்கு உணர்த்துதல் இன்றியமையாதது.

மற்றொரு மறைவு, கொடுத்தவரைப் பற்றியது. முகப்பு எத்துணைத் தெளிவாக இருப்பினும், யார் யாருக்கு எப்போது எதன்பொருட்டுத் தந்தார் என்பதை அது கூறாது. முதல் ஊதியத்தில் பயணம் சென்ற மகள் தாய்க்குத் தந்ததும், விடைபெறும் மாணவன் ஆசிரியர்க்குத் தந்ததும், ஒரே அச்சில் வார்த்தவையாயின் ஒன்றாகவே தோன்றும். அந்த வேறுபாடு வைத்திருப்பவர் நினைவில் மட்டுமே வாழ்கின்றது. அவர் மறைந்தபின் கதவைத் துடைப்போர் அவற்றைக் குப்பையில் இடுவர். 1910இல் எழுதிய அஞ்சலட்டையைப் படித்து இருவர் நட்பை அறியும் ஆய்வாளர், 2010இல் தந்த வில்லையிலிருந்து அதனை அறிதல் இயலாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், காந்தவில்லை பழைய யாத்திரை நினைவுப்பொருள்களின் வழிவந்தது என்பதும், அஞ்சலட்டையின் இடத்தைப் பெற்றும் அதன் முதுகை இழந்தது என்பதும் விளங்கும். இழந்த முதுகை எழுதுவது வைத்திருப்போர் கடமையாகும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. வில்லைக்கு ஓர் எண் இட்டு, அதே எண்ணின்கீழ் ஒரு குறிப்பேட்டில் இடம், தந்தவர், நாள், தந்த சூழல் ஆகிய நான்கினையும் குறித்தால் போதும். தமிழாசிரியர்கள் இதனை வகுப்புப் பயிற்சியாகவும் கொள்ளலாம். மாணவர் தம் வீட்டுக் கதவிலுள்ள ஒரு வில்லையைப் பற்றிப் பெற்றோரிடமும் பாட்டனார் பாட்டியரிடமும் வினவி எழுதுவராயின், வாய்மொழி வரலாற்றின் முதற்பாடம் அதுவே ஆகும். வில்லையே இல்லாத தோட்டங்களைப் பற்றியும் அவ்வுரையாடலில் வினவ இடமுண்டு.

நம்மிடமுள்ள வில்லைகளுக்கு இவ்வாறு பதிவு எழுதத் தொடங்கினோம். ஏறத்தாழப் பாதி வில்லைகளுக்குத் தந்தவர் பெயரை எழுத இயலவில்லை. ஈபில் கோபுர வில்லைகள் மூன்றையும் பிரிக்காது ஒரே உறையில் இட்டு, மறைந்த நண்பரின் பெயரைக் குறித்து, ‘இவற்றுள் ஒன்று இவர் தந்தது’ என்று எழுதி வைத்துள்ளோம்.