ஸ்ட்ரான்ஷியம் ருத்தினேட்டின் மீகடத்துத்திறன்

ஸ்ட்ரான்ஷியம், ருத்தினியம், ஆக்ஸிஜன் ஆகிய மூன்று தனிமங்களாலான இப்படிகம், 1994-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பௌதிக விஞ்ஞானி யோஷிதெரு மயேனோவும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தபடி, மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையில் மின்தடையை அறவே இழந்துவிடும் இயல்புடையது. அசுத்தம் நீங்கிய படிகத்தில் அவ்வுஷ்ணநிலை ஏறத்தாழ 1.5 கெல்வினே ஆதலால், பிரயோஜனத்தை மட்டும் கருதுவோர் இதனைப் பொருட்படுத்தார். ஆயினும், 1986-இல் பெட்நோர்ஸும் மியூல்லரும் அறிவித்த செப்பு ஆக்ஸைடு மீகடத்தியின் அடுக்கமைப்பே செம்பில்லாத இதிலும் அமைந்திருந்தமையால், சித்தாந்திகளின் கவனம் உடனே இதன்மீது திரும்பிற்று.

பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957-இல் வகுத்த சித்தாந்தத்தில், படிக அணுக்களின் அதிர்வு உண்டாக்கும் ஆகர்ஷணத்தால் எலெக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் இணைசேர்கின்றன. விலக்குவிசை மட்டுமே இருந்தாலும், கோண உந்தமுடைய இணைகள் தோன்றக்கூடும் என்று 1965-இல் கோனும் லட்டிஞ்சரும் காட்டினர். அசாதாரண மீகடத்திகளைப் பற்றிய ஆராய்ச்சியின் ஆதாரக் கருத்துகளுள் இதுவும் ஒன்று. 1995-இல் ரைஸும் சிக்ரிஸ்டும் ஹீலியம்-3 மிகைப்பாய்மத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ருத்தினேட்டிலும் தற்சுழற்சிகள் ஒருதிசைப்பட்ட மும்மை இணைகளே இருத்தல் வேண்டும் என்று அனுமானித்தனர். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கணபதி பாஸ்கரன், ஹுண்டு விதியின்வழி ஆராய்ந்து, 1996-இல் அதையொத்த முடிவையே வெளியிட்டார்.

1998-இல் நிகழ்ந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனை, எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய இணைகளாயின் குன்றியிருக்கவேண்டிய தற்சுழற்சியின் காந்த ஏற்புத்திறன் மீகடத்து நிலையிலும் குன்றவில்லை என்று அறிவித்தது. மியூயான் துகள்களைக் கொண்டு நடத்திய சோதனையோ, காலத்தின் திசையை மாற்றினால் மாறுபடும் காந்தத்தன்மை உள்ளே எழுவதாகக் கூறிற்று. இவ்விரண்டும் மும்மைக் கொள்கைக்கு அத்துணைப் பொருத்தமாக இருந்தமையால், ஒவ்வாத பிற சான்றுகள் இருபதாண்டுக் காலம் விளக்கம் தேடவேண்டிய விதிவிலக்குகளாகவே கருதப்பட்டு வந்தன. 2019-இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் அதே ஒத்ததிர்வுச் சோதனையை வலிமை குறைந்த துடிப்புகளைக் கொண்டு மீண்டும் நடத்தியபோது ஏற்புத்திறன் தெளிவாகவே வீழ்ந்தது. முன்பு செலுத்திய ரேடியோ துடிப்புகளே படிகத்தைச் சூடேற்றி மீகடத்து நிலையைக் கலைத்திருந்தன என்பது அப்போதுதான் புலனாயிற்று.

மும்மை இணையை இவ்வாறு கைவிட நேர்ந்தபின், மியூயான் காட்டிய காந்தத்தன்மைக்குக் காரணம் கற்பிப்பது கடினமாயிற்று. வெவ்வேறு சமச்சீருடைய இருவகை இணை அலைகள் தற்செயலாக ஒரே உஷ்ணநிலையில் கூடுவதாகச் சிலர் கணிக்கின்றனர். அவ்வாறாயின், படிகத்தை ஒரு திசையில் அழுத்தும்போது அவ்விரண்டும் பிரிந்து, இரு நிலைமாற்றங்கள் தோன்றுதல் வேண்டும். மியூயான் சோதனை அப்பிரிவைக் காட்ட, வெப்ப ஏற்புத்திறனை அளந்தவர்களுக்கோ இரண்டாம் மாற்றம் அகப்படவில்லை.