சல்லடை தவறவிட்ட மருந்து

வலிப்பு நோய்க்கு இன்று உலகெங்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று லெவெடிரசெட்டம். பழைய சோதனைகளை மட்டும் நம்பியிருந்தால் இது ஆய்வகத்தின் வாசலைத் தாண்டியிருக்காது.

பெல்ஜியத்தின் யூ.சி.பி. நிறுவனம் 1960களில் பிரசெட்டம் என்ற மருந்தைத் தயாரித்தது. அந்தக் குடும்பத்தில் பின்னர் பிறந்ததுதான் லெவெடிரசெட்டம். வலிப்பு மருந்துகளைச் சலித்தெடுக்க அப்போது இரண்டு சோதனைகள்தான் பெரிதாக மதிக்கப்பட்டன. ஒன்று, மின்னதிர்ச்சி கொடுத்து விலங்குக்கு வலிப்பை வரவழைப்பது. 1930களில் பாஸ்டனில் மெரிட்டும் புட்னமும் பூனைகளிடம் இப்படிச் சோதித்துத்தான் ஃபெனிட்டாயின் என்ற மருந்தின் ஆற்றலைக் கண்டார்கள். மற்றது, பென்டிலின்டெட்ரசோல் என்ற வேதிப்பொருளை ஊசி வழியே ஏற்றுவது. லெவெடிரசெட்டம் இரண்டிலும் தேறவில்லை.

குறை மருந்தில் இல்லை, சோதனையில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். நல்ல நிலையில் உள்ள மூளையை அந்தச் சோதனைகள் ஒரு கணம் உலுக்கிப் பார்க்கின்றன. நோயாளியின் மூளையோ வலிப்புக்கென்றே மாறிப்போன மூளை.

பலத்த ஓசை கேட்டாலே வலிப்பு கண்டுவிடும் சுண்டெலிகள்தான் முதலில் இந்த மருந்தைக் காப்பாற்றின. அடுத்து வந்தவை பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வளர்த்தெடுக்கப்பட்ட எலிகள். இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வலிப்பு மரபுவழியே தானாக வருகிறது. அமைதியாக இருக்கும் எலி சட்டென்று அசைவற்று நின்றுவிடும். மீசை மயிர் மட்டும் லேசாகத் துடிக்கும். அந்த நேரத்தில் ஈ.ஈ.ஜி. பதிவைப் பார்த்தால், கூர்முனையும் அலையும் மாறி மாறி, நொடிக்கு 7 முதல் 11 வரை எழும்பியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து நிற்கும் குழந்தைகளிடமும் இதே வடிவம்தான். வேகம் மட்டும் நொடிக்கு சுமார் 3. மின்னதிர்ச்சிச் சோதனையில் வென்ற ஃபெனிட்டாயின் இந்த எலிகளிடம் பலிப்பதில்லை, அந்தக் குழந்தைகளிடமும் பலிப்பதில்லை.

1995இல் வெளியான ஆய்வில் லெவெடிரசெட்டம் இந்தக் கூர்முனை அலைகளைப் பெரிதும் அடக்கியது. அடியில் ஓடிக்கொண்டிருந்த இயல்பான அலைகளை அது கலைக்கவில்லை. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் பெரிது. வலிப்பை நிறுத்தும் மருந்து மூளையையே மந்தமாக்கிவிடும் துன்பத்தை ஃபீனோபார்பிட்டல் என்ற பழைய மருந்தின் காலத்திலிருந்தே நோயாளிகள் பட்டிருக்கிறார்கள்.

1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 2004இல்தான் தெரிந்தது: நரம்பு முனைகளின் நுண்பைகளில் இருக்கும் எஸ்.வி.2ஏ என்ற புரதம்.

ஆனால் எலிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. வெறித்து நிற்கும் அந்தக் குழந்தைகளுக்கு எதோசக்ஸிமைடு என்ற மருந்துதான் இன்றும் முதல் தேர்வு. லெவெடிரசெட்டம் சாப்பிடும் சிலருக்கு வரும் எரிச்சலும் சிடுசிடுப்பும் அலைப்பதிவில் தெரியாதவை; வீட்டார் கவனித்துச் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களில் சிலரை மருத்துவர்கள் இப்போது பிரிவரசெட்டத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். அதே புரதத்தைக் குறிவைத்துத் தேடி எடுக்கப்பட்ட அந்த மருந்துக்கு 2016இல் அனுமதி கிடைத்தது.