மரத்தைத் தொடப் பழகும் பிள்ளைகள்

"சருகுக்குள்ள கையை வைக்காதை பிள்ளை."

யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் தரம் 8 மாணவிகள் பன்னிரண்டு பேருக்கு நான் பட்டறை நடத்திய முதல் நாள், கூட வந்த தாய் ஒருவர் மகளிடம் சொன்னது இது. பாம்புக்குப் பயந்து சொன்னதல்ல. அவரும் என்னைப் போலக் கண்ணிவெடி விழிப்புணர்வு வகுப்பில் இருந்து எழும்பியவர். பாதையை விட்டு இறங்காதே, கிடப்பதை எடுக்காதே என்று அன்று படித்தது எங்கள் உயிரைக் காத்தது. அதே சொல் 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் பாதையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. பெண் பிள்ளைக்கு இன்னும் இறுக்கம். தம்பி வெளியில் பந்தடிப்பான். அக்காவுக்குப் பாடசாலை, ரியூசன், வீடு.

பழைய பூங்காவைத் தெரிவு செய்தது அதன் மரங்களுக்காக. 1829இல் பதவிக்கு வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் வடக்கை நிர்வகித்த அரசாங்க அதிபர் டைக் உருவாக்கிய தோட்டம் அது. அருகில் இருந்த பழைய கச்சேரி போரில் சிதைந்தது. மரங்கள் பல நின்றுவிட்டன.

முதல் வேலை மரப்பட்டையைப் படியெடுப்பது. வெள்ளைத்தாளைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்து, பஸ்ரலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் வெடிப்பும் வரியும் தாளில் எழும்பும். நடுவில் தாள் இருப்பதால் தயங்குகிற பிள்ளையும் மரத்தில் கை வைக்கும். அரை மணித்தியாலத்தில் தாளை மறந்துவிடுவார்கள். சருகைப் பற்றிச் சொன்ன அந்த அம்மாவும் மூன்றாம் கிழமை ஒரு தாள் கேட்டு வாங்கினார்.

அடுத்தது நிறம். இளம் தேக்கிலையைக் கசக்கினால் உள்ளங்கை சிவக்கும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். தேசிக்காய்ப் புளி விட்டால் அது ஊதாவாகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. இந்தச் சாயங்கள் வெயிலில் மங்கும் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாற்றமாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஒலிப்படம். தாளின் நடுவில் தன்னை ஒரு புள்ளியாக வைத்து, பத்து நிமிடம் பேசாமல் இருந்து, கேட்கும் சத்தங்களை அவை வரும் திசையில் வரைய வேண்டும். செண்பகம், அணில், புலுனிக் கூட்டம், வீதியில் ஓட்டோ. ஒரு பிள்ளை எதுவும் வரையவில்லை. "சும்மா இருந்தனான் ரீச்சர்" என்றாள். வீட்டில் அவளுக்கு அது கிடைப்பதில்லை என்று பிறகு தெரிந்தது. இப்போது அந்தப் பத்து நிமிடத்தை இருபதாக்கிவிட்டேன்.

இதைச் செய்ய விரும்புவோர் வர்ணம் வாங்க முன் மலசலகூடத்தைப் பாருங்கள். திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? அது இல்லாத இடத்துக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டாம் முறை வரமாட்டாள். தாய்மார் இருவரையாவது கூட இருத்துங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கினால் வெயிலுக்கும் ரியூசனுக்கும் முன் முடிக்கலாம். சருகைக் கிளற முன் தடியால் தட்டுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, அலரி நஞ்சு. விழுந்த இலையே போதும், கொப்பை முறிக்க விடாதீர்கள்.

இவை எல்லாம் நகரப் பூங்காவுக்கு மட்டுமே. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தாலும் வன்னியில் அகற்றும் வேலை தொடர்கிறது. அங்கே அடையாளப் பலகை நிற்கும் காணிக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். அறியாத பொருள் கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் சொல் அங்கே இன்னும் சரிதான்.