பாரம் இழுத்த கயிறு

இழுவைக் கயிற்றில் முதலில் ஏறி இறங்கியது தேயிலைதான். மூணாறு மலையில் விளைந்ததை டாப் ஸ்டேஷனிலிருந்து போடி அடிவாரத்துக்கு இறக்க, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இரும்பு வடம் கட்டினார்கள். 1930களில் நீலகிரியில் பைக்காரா மின்திட்டம் வந்தபோது, கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு அதே வடம் தண்டவாளத்தில் டிராலியை இறக்கி ஏற்றியது. சரக்குக்கும் ஊழியருக்கும் உழைத்துப் பழகிய அந்தக் கயிறு 1966இல் சாமி கும்பிட வருகிறவர்களை இழுக்கப் பழனிக்கு வந்தது. ஊர் அதை விஞ்ச் என்றே கூப்பிடுகிறது. இழுவை ரயில் என்பது அறிவிப்புப் பலகைக்கு.

மலை சுமார் 450 அடி உயரம். படிகள் ஏறக்குறைய 700. யானைப்பாதை சரிவாகப் போகும் என்றாலும் நடக்கக் கால் வேண்டும். விஞ்ச் வரும்வரை நடக்க இயலாதவருக்கு அடுத்தவர் தோளை விட்டால் வேறு வழி இல்லை. மேற்கு கிரிவீதி நிலையத்தில் பெட்டி ஏறினால் மோட்டார் வடத்தைச் சுற்றச் சுற்ற, சுமார் எட்டு நிமிடத்தில் மேலே போய்விடலாம். மூட்டுவலிக்காரப் பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும் மூச்சிரைப்புக்காரர்களும் அதை வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

அதே 1966இல்தான் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1954 கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பிழைத்து, நாற்காலியில் ஏறி, ஊருக்குத் திரும்பும் காலம் அங்கே தொடங்கியது. பழனியில் ஓடத் தொடங்கிய பெட்டியோ உட்காரத் தெரிந்த உடம்புக்காகச் செய்யப்பட்டது. வேலூரில் ஒரு நடை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஏனென்றால் இந்தப் பயணத்தில் மலை ஏறுவது சுலபமான பகுதி. நாற்காலியிலிருந்து பெட்டியின் இருக்கைக்கு மாறுகிற அந்தச் சில அடிதான் பாடு. “அண்ணே, நீங்க காலைப் பிடிங்க, நான் கக்கத்துல கை குடுத்துக்கிறேன்” என்று மச்சினனும் முன்பின் தெரியாத ஒருவரும் சேர்ந்து தூக்குவார்கள். தூக்கப்படுகிறவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்பது அவர்களுக்கு மறந்துபோகும். கணுக்கால் இரும்பு விளிம்பில் உரசித் தோல் போனாலும் அவர் முகம் மாறாது; இரவு துணி மாற்றும்போதுதான் மனைவி பார்ப்பாள். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் அடிபட்டவர் என்றால் முதுகு தானாக நிற்காது. பெட்டி கிளம்பும் குலுக்கலில் முன்னால் சரிவார். துண்டால் மார்போடு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தசைச்சிதைவு உள்ளவர் அமரும் பேட்டரி நாற்காலியை மடக்கவும் முடியாது, இரண்டு பேர் தூக்கவும் முடியாது. அது கீழேயே நின்றுவிட்டால் மேலே போனபின் அவருக்கு என்ன வழி?

2004இல் தெற்கு கிரிவீதியிலிருந்து ரோப்கார் ஓடத் தொடங்கியது. மூன்று நிமிடத்தில் உச்சி. ஆனால் அது காற்றுக்குக் கட்டுப்பட்ட வண்டி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். வருடாந்தரப் பராமரிப்புக்கும் பல நாள் மூடுவார்கள். அப்போதெல்லாம் கூட்டம் பழைய விஞ்சின் தலையில்தான் விழும். 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கிரிவீதியில் தனியார் வாகனங்களைத் தடுத்தபின், அடிவாரத்தைச் சுற்றிக் கோயிலின் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனாலும் உடம்பை இருக்கைக்கு இருக்கை மாற்ற வேண்டியவருக்கு அது இன்னொரு தூக்கல்.

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் கடந்து வருவதிலும் இதே கதைதான். பேருந்து வாசலின் மூன்று படியைத் தாண்டினால்தானே மலையின் 700 படியைப் பற்றிப் பேச முடியும்? சென்னை மாநகரப் பேருந்துகளில் தாழ்தளம் வர மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் அவை ஓடத் தொடங்கின.

கயிறு இழுக்கும் வண்டியில் நாற்காலியோடு ஏற முடியாது என்று யாராவது சொன்னால் ஹாங்காங்கைக் காட்டலாம். அங்கே 1888 முதல் மலை ஏறும் பீக் டிராம், 2022இல் புதுப் பெட்டிகளோடு திரும்பியது. சக்கர நாற்காலிக்கு அதில் இடம் உண்டு. மோட்டாருக்கும் வடத்துக்கும் எந்தப் பாரமும் ஒன்றுதான். பழனியில் செய்ய வேண்டியது பெட்டிக் கொட்டகை வேலை: ஒரு தட்டில் இருக்கைகளைக் கழற்றி, நடைமேடையும் பெட்டித் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு பலகை போட்டு, சக்கரத்தைப் பூட்ட நாலு கொக்கி அடிக்க வேண்டும்.