வீட்டுக் கோழியின் வரவும் செலவும்

தமிழில் கோழி என்கிறோம். கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. வடக்கே சென்றால், பாரசீகத்திலிருந்து வந்த சொல்லின் வழியில் முர்கி என்பார்கள். பெயர் எதுவாயினும், பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. 'கொல்லையில் சிறிது இடம் இருக்கிறது. ஊரில் பாட்டி வளர்த்ததுபோல் நாலு கோழி வளர்த்தால் என்ன?' என்பதே அது. வளர்க்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யுமுன், இந்தப் பறவை மனிதனுக்குத் தந்தது என்ன, அவனிடமிருந்து கொண்டது என்ன என்று வரலாற்றின் துணைகொண்டு சிறிது கணக்குப் பார்ப்போம்.

வீட்டுக் கோழியின் முன்னோர் ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழிகளே என்று 1868-இல் டார்வின் எழுதினார். அது பெரும்பாலும் சரியே என்பதை இக்கால ஆராய்ச்சியும் காட்டுகிறது. ஆயினும் 2008-இல் வெளியான ஆய்வொன்று ஒரு திருத்தம் சொன்னது. பல கோழிகளின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபுக்கூறு, நமது தீபகற்பக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக் கோழியிடமிருந்து வந்ததாம். கோழி எப்பொழுது மனிதனின் வாசலுக்கு வந்தது? தாய்லாந்தில் பான் நான் வாட் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட எலும்புகளே வீட்டுக் கோழிக்குரிய மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நெல்லும் தினையும் விளைந்த இடங்களில் சிந்திய மணிகளைக் கொத்த வந்த பறவை, அங்கேயே தங்கிவிட்டது என்பது அவ்வாய்வாளர் கருத்து.

ஆகவே கோழியின் உறவு தானியத்தில் தொடங்கிற்று. தொல்லையும் அங்கேயே தொடங்கிற்று. பட்டினப்பாலையில் இதற்கு அழகான சான்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரும் தானியத்தைக் கோழி தின்ன வருகிறது. காவல் இருக்கும் பெண்கள் காதிலுள்ள பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அக்குழை வழியில் கிடந்து, சிறுவர் உருட்டும் சிறுதேரைத் தடுக்கிறது. நகரின் செல்வத்தைச் சொல்லவே புலவர் இதைப் பாடினார். ஆயினும், கோழி வளர்க்கும் வீட்டில் தானியத்துக்குக் காவல் வேண்டும் என்ற அனுபவமும் அதில் அடங்கியிருக்கிறது. தமிழர் சேவலை முருகனின் கொடியில் ஏற்றிப் போற்றினர். மனு தர்ம நூலோ ஊர்க் கோழியை விலக்கப்பட்ட உணவுகளில் ஒன்றாகச் சொல்லிற்று. இந்த இருவகை மனப்பான்மையையும் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் காணலாம்.

இனி வரவைப் பார்ப்போம். நாட்டுக் கோழி பொதுவாக ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைகளே இடும். ஆனால் அதற்கென்று தீனி வாங்குவது குறைவு. நொய், தவிடு, மீந்த சோறு, கொல்லையிலுள்ள புழு, கறையான் ஆகியவற்றை உண்டு, வீணாகப் போவதை அது முட்டையாக மாற்றித் தருகிறது. இருபத்தொரு நாள் அடை காத்து, குஞ்சுகளைத் தானே பேணி வளர்க்கிறது. எச்சம் செடிக்கு எருவாகிறது. இவை எல்லாவற்றினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையில் தங்கும். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் பிறரைக் கேளாமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய சிறு உண்டியலாகக் கோழி விளங்கிற்று.

செலவுப் பக்கத்திலும் சில்லறை இனங்கள் பல. கீரி, பூனை, பருந்து இவற்றின் திருட்டு, அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறியதால் வரும் மனத்தாங்கல், விடியுமுன் சேவல் கூவுவதால் வரும் முணுமுணுப்பு, கூட்டின் நாற்றம், தீனியைத் தேடி வரும் எலி. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கோழியின் கணக்கைத் தலைகீழாக்கியது வேறொன்று. அது நோய்.

இன்றைய உத்தராகண்டில், குமாவுன் மலைமீதுள்ள ராணிக்கேத் என்னும் ஊரைப் பலர் அறிவர். 1920களின் இறுதியில் இந்தியாவில் ஒரு கொடிய கோழி நோய் அங்கேதான் கண்டறியப்பட்டது. 1926-இல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் வெளிப்பட்ட நோயே அது. நம் கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். கோழி மூச்சுக்குத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், தடுப்பூசி போடாத கோழிகள் சில நாட்களுக்குள் கூண்டோடு மடியும். ஒரு வீட்டில் நோய் கண்டதும், இழப்புக்கு அஞ்சிக் கோழிகளை அவசரமாகச் சந்தையில் விற்பார்கள். நோய் அடுத்த ஊருக்குப் போகும்.

நோய் கண்டறியப்பட்ட அதே மலைப் பகுதியில் தடுப்பும் பிறந்தது. 1889-இல் பூனாவில் தொடங்கி, 1893-இல் முக்தேசுவருக்கு மாற்றப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கூடத்தின் அறிஞர்களான ஹாடோ, இட்னானி ஆகிய இருவரும், 1940களில் நோய்க் கிருமியை முட்டைக் கருவில் பலமுறை வளர்த்து வலிமை குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினர். அது பெருநன்மை, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி ஒன்றே நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதும். குளிரில் வைத்துக் காக்கவேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிடவேண்டும். ஐந்து கோழி உடையவர் தனியே இதைச் செய்வது கடினம். தெருவார் கூடினால் எளிது.

பிற்காலத்தில் பண்ணைத் தொழில் பெருகிற்று. பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டைவரை இடுவதால், எண்ணிக்கையில் வீட்டுக் கோழி தோற்றது. இதில் ஒரு விந்தை உண்டு. நம் நாட்டுச் சண்டைச் சேவலினமாகிய அசீலின் இரத்தம் கலந்தே இங்கிலாந்தில் கார்னிஷ் இனம் உருவாயிற்று; இன்றைய கறிக்கோழியின் முன்னோரில் கார்னிஷ் முக்கியமானது. முற்றத்தில் வளர்ந்த பறவையே பண்ணைக்கும் வித்திட்டது.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக வெளிப்பட்டது. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் அது பரவியபொழுது அடிபட்டவை பெரும்பாலும் வீட்டுக் கோழிகள். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. அது மனிதரையும் பற்றக்கூடிய நோயாதலால் அழிப்பது தவிர்க்க முடியாததாயிற்று. அரசு இழப்பீடும் அறிவித்தது. ஆயினும் பலர் கோழிகளை மறைத்து வைத்தனர். அவர்களைக் குறை கூறுவது எளிது. ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதும் ஒரே பகலில் சாக்கில் கட்டப்படுவதைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால், அந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் மக்கள் கோழியைக் கைவிடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள வீட்டு வளர்ப்புப் பறவைகள் ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம். 2012-ஐ விட இது சுமார் 46 சதவீதம் மிகுதி.

நாம் கண்ட கணக்கின் சாரம் இதுவே: கோழியின் வரவு நாள்தோறும் சிறுகச் சிறுக வருகிறது, அது வளர்ப்பவருடைய வீட்டுக்கே சேருகிறது. அதன் பேரிழப்போ என்றேனும் ஒருநாள் மொத்தமாக வருகிறது. அது தெரு முழுவதையும் தாக்குகிறது. ஆகையால் கோழி வாங்குமுன், நகராட்சி விதியும் வீட்டுக்காரரும் இடம் தருகின்றனரா, அண்டை வீட்டார் சம்மதிக்கின்றனரா, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி கிடைக்குமா என்று கேட்டறிதல் வேண்டும். கூட்டை இரவில் அடைத்து, தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவி, கோழிகள் திடீரென இறந்தால் மறைக்காமல் அறிவிக்கவேண்டும். இவற்றுக்கு உடன்படுபவர் தாராளமாக வளர்க்கலாம். உடன்பட இயலாதவர் கடையில் முட்டை வாங்குவதே நலம். புதிய ஊரில் நாம் முதலில் சம்பாதிக்க வேண்டியது அண்டை அயலாரின் நல்லெண்ணம். நாலு முட்டைக்காக அதை இழக்கலாகாது.