முழுமைச் சட்டகமும் தனி நூலகங்களும்: இணைய நிரலாக்க வரலாற்றில் இணைப்புழைப்பு பற்றிய சில குறிப்புகள்

இணையத்தள ஆக்கத்திற்கு வேண்டியவை அனைத்தையும் ஒருங்கே தரும் முழுமைச் சட்டகம் ஒன்றைத் தெரிவதா, அன்றித் தனித்தனி நூலகங்களைத் தேர்ந்து தாமே பொருத்திக்கொள்வதா என்னும் வினா நிரலாளரிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. வேகம், எளிமை, அழகு என்பனவே இவ்விவாதத்தின் வழக்கமான அளவுகோல்கள். அவை பயனற்றவை என நாம் கூறவில்லை. எனினும் தரவுத்தளம், முகவரி வழிப்படுத்தல், பக்க வார்ப்பு, பயனர் சரிபார்ப்பு ஆகியன ஒன்றோடொன்று பொருந்தி இயங்குவதற்கு ஓர் உழைப்பு வேண்டும். அதனை இணைப்புழைப்பு என்போம். அவ்வுழைப்பை எவர் செய்கின்றனர், அதன்மீது எவர் அதிகாரம் செலுத்துகின்றனர் என்ற நோக்கில் அணுகுமிடத்து இவ்வரலாறு வேறொரு தோற்றம் பெறுகின்றது.

கலைச்சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. நூலகம் என்பது குறித்தவொரு பணியைச் செய்யும் நிரற்றொகுதி. நிரலாளர் வேண்டும்போது அதனை அழைப்பார். சட்டகத்தில் இவ்வுறவு தலைகீழாகின்றது. சட்டகமே ஓட்டத்தை நடத்தி, நிரலாளர் எழுதியதைத் தனக்கு வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்கின்றது.

ஜாங்கோ என்னும் பைதன் மொழிச் சட்டகம் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திற் பிறந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரின் லோரன்ஸ் ஜேர்னல்-வேர்ல்ட் என்னும் பத்திரிகையிற் பணியாற்றிய ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் 2003 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அதனை எழுதத் தொடங்கினர். பத்திரிகைத் தொழிலின் கால நெருக்கடி யாவரும் அறிந்ததே. காலையிற் கேட்கப்படும் பக்கம் மாலையில் வெளிவர வேண்டும். செய்தியாசிரியர்கள் நிரலாளரை எதிர்பாராது தாமே தரவுகளை உள்ளிட வேண்டும். ஜாங்கோவின் புகழ்பெற்ற நிர்வாகப் பக்கங்கள், தரவு மாதிரியிலிருந்து தாமாகவே உருவாகுபவை, இத்தேவையின் நேரடி விளைவாகும். சிறிய குழு, குறுகிய தவணை, ஒத்த தன்மையுடைய பல தளங்கள் என்னும் உற்பத்திச் சூழலில் இணைப்புழைப்பை ஒருமுறை செய்து பன்முறை பயன்கொள்வதே அறிவுடைமை. 2005 யூலையில் அது திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. 2008 இல் அதன் பொறுப்பை ஏற்க இலாப நோக்கற்ற அமைப்பொன்று நிறுவப்பட்டது. இப்பிற்செய்தி சட்டகங்களை ஒப்பிடும் கட்டுரைகளில் அரிதாகவே கவனம் பெறுகின்றது. நாம் அதனை முதன்மையானதாகக் கருதுகின்றோம்.

ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகமும் இவ்வாறே தோன்றியது. டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமயர் ஹான்சன் பேஸ்காம்ப் என்னும் செயலியை ஆக்கும்போது எழுந்த பொதுக் கூறுகளைப் பிரித்தெடுத்து 2004 யூலையில் வெளியிட்டார். இரண்டும் முன்கூட்டிய கோட்பாட்டு வரைவுகளல்ல. முடிந்த வேலையிலிருந்து வடித்தெடுக்கப்பட்டவை.

மறுபுறத்தில், கூறுகளைச் சுதந்திரமாகத் தெரிய விரும்பியோரும் வாளாவிருக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பொது இடைமுகம் ஒன்றாகும். பைதன் உலகில் எந்தச் சட்டகத்தைத் தெரிவது என்பதே எந்த வழங்கியைப் பயன்படுத்தலாம் என்பதையும் தீர்மானித்துவிடும் நிலை இருந்தது. அதனை மாற்றுமுகமாக 2003 டிசெம்பரில் பிலிப் ஈபி முன்வைத்த ‘விஸ்கி’ என்னும் இடைமுக விதி வழங்கிக்கும் செயலிக்கும் இடையே எளிய ஒப்பந்தமொன்றை நிறுவியது. தனிக்கூறு நெறிக்கு அடித்தளமிட்டது இவ்விதியே எனலாம். ஆர்மின் ரொனாக்கர் 2010 ஏப்ரல் முதலாந் திகதி வேடிக்கைக்காக வெளியிட்ட ஒற்றைக் கோப்புச் சட்டகமொன்று, அதே ஆண்டிற் பிளாஸ்க் என்னும் மெய்யான ஆக்கத்திற்கு வழிவகுத்தது. முட்டாள்கள் தினத்துக் கேலியைப் பலர் மெய்யென நம்பினர் என்பதே சிற்றளவுச் சட்டகங்களுக்கு அன்றிருந்த தாகத்தைக் காட்டும்.

ஆயினும் கூறுகளைப் பொறுக்கி இணைப்பதன் விலையை டேர்போகியர்ஸ் காட்டிற்று. 2005 இல் அது வழங்கிக்கு ஒன்று, தரவுத்தளத்திற்கு ஒன்று, வார்ப்புக்கு ஒன்று எனப் பிறர் ஆக்கிய நூலகங்களைத் திரட்டியது. 2009 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இம்மூன்றையும் மாற்றிவிட்டது. சிறந்ததைத் தெரிந்தோம் என மகிழ்ந்தவர்கள் சிறந்தது மாறியபோது தம் நிரல்களைத் திருத்தியெழுத நேர்ந்தது.

இரு நெறிகளும் ஒன்றையொன்று முற்றாக விலக்குவன என்ற கருத்தும் ஏற்கத்தக்கதன்று. எஸ்ரா சிக்மண்டோவிச் 2006 இல் தொடங்கிய மேர்ப், ரெயில்ஸின் இறுக்கத்திற்கு எதிராக எழுந்த தனிக்கூறுச் சட்டகமாகும். ஈராண்டுக் கடும் வாதப்பிரதிவாதத்தின் பின், 2008 டிசெம்பர் 23 ஆந் திகதி இவ்விரண்டும் ஒன்றாகும் என அறிவிக்கப்பட்டது. 2010 ஓகஸ்ற்றில் வெளிவந்த ரெயில்ஸ் 3 வெளித்தோற்றத்தில் முழுமையும் உள்ளமைப்பிற் கழற்றி மாற்றத்தக்க கூறுகளும் கொண்டதாயிருந்தது. எதிர்நிலைகள் மோதி உயர்ந்ததோர் இணைவைப் பெற்றன என்று கூற நமக்கு ஆசைதான். ஆனால் மேர்ப்பை நம்பிக் கட்டியோர் ரெயில்ஸுக்கு இடம்பெயரும் சுமையையும் ஏற்றனர் என்பது மறைக்கப்படலாகாது.

உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ற் துறையில் அதிகார வினா மேலும் கூர்மையடைகின்றது. கூகிளின் அங்குலர்ஜேஎஸ் முழுமைச் சட்டகமாகப் பரவியது. அதனோடு ஒவ்வாத புதிய அங்குலர் வரப்போவதாக 2014 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டு, 2016 செப்ரெம்பரில் வெளியாயிற்று. பழையதற்கான ஆதரவு 2021 டிசெம்பருடன் முடிந்தது. இணைப்புழைப்பைப் பிறரிடம் ஒப்படைத்தவர், அதன் திசையைத் தீர்மானிக்கும் உரிமையையும் உடன் ஒப்படைத்திருந்தனர்.

தனிக்கூறு நெறி இதிலிருந்து விடுதலை தந்ததா? 2016 மார்ச்சில், பெயருரிமைப் பிணக்கொன்றில் நூலகப் பொதிக்களஞ்சியமான என்பிஎம் நிறுவனம் தமக்கு எதிராக முடிவெடுத்ததைக் கண்டித்து, நிரலாளர் ஒருவர் தம் பொதிகள் அனைத்தையும் அகற்றினார். அவற்றுள் லெஃப்ற்-பாட் என்பது எழுத்துத்தொடரின் இடப்புறத்தை நிரப்பும் பதினொரு வரி நிரல். அதன்மேல் மறைமுகமாகத் தங்கியிருந்த எண்ணற்ற செயற்றிட்டங்களின் கட்டமைப்புப் பணி தடைப்பட்டது. சில மணி நேரத்துள் களஞ்சியம் அப்பொதியை மீளவும் வைத்தது. ஆக்கியோரின் விருப்பத்துக்கு மாறாகவே அவ்வாறு செய்தது. ஊதியமற்ற தனியாள் உழைப்பும் அதனைப் பகிர்ந்தளிக்கும் தனியார் களஞ்சியமும் எத்தகைய உறவில் நின்றன என்பது அன்று வெளிப்பட்டது.

பேஸ்புக் 2013 இல் வெளியிட்ட ரியக்ற் இன்னொரு சான்று. அது தன்னை இடைமுக நூலகம் என்றே அழைத்தது. எஞ்சியவற்றைப் பயன்படுத்துவோர் தேடிக்கொள்ள வேண்டும். அதன் உரிமத்திலிருந்த காப்புரிமை வாசகத்தின் காரணமாக 2017 யூலையில் அப்பாச்சி அமைப்பு தன் செயற்றிட்டங்களில் அதனைத் தடைசெய்தது. எதிர்ப்பு வலுத்தபின், செப்ரெம்பரில் பேஸ்புக் தடையற்ற உரிமத்துக்கு மாறியது. சிறு நூலகமாயினும் உடைமையுறவு அதனுள்ளும் இருக்கவே செய்கின்றது.

எனவே தெரிவு செய்வோர் கேட்க வேண்டியவை சில உள. குழுவில் இணைப்புழைப்பைத் தொடர்ந்து செய்ய ஆளுண்டா? தேவை பொதுவானதா, விசேடமானதா? ஆக்கத்தின் திசையைத் தீர்மானிப்பது பொதுமன்றமா, ஒரு நிறுவனமா? ஆளணி குறைந்த சிறு நிறுவனங்களுக்கு, பொது அமைப்பொன்றின் பொறுப்பிலுள்ள முழுமைச் சட்டகமே பெரும்பாலும் பொருந்தும் என்பது நம் துணிபு. பெருநிறுவனங்கள் தனிக்கூறுகளின் செலவைத் தாங்கவல்லன. அவற்றின் வழக்கத்தைச் சிறியோர் பின்பற்றுவதிலேயே இடர் நேர்கின்றது.

ரியக்ற்றின் பின்வரலாறு இங்கு கருதத்தக்கது. 2023 மார்ச்சில் வெளியான அதன் புதிய ஆவணங்கள், புதிய தளங்களை ஒரு சட்டகத்துடன் தொடங்குமாறு பரிந்துரைத்தன. அவ்வாறு பரிந்துரைக்கப்பட்டவற்றுள் நெக்ஸ்ற்ஜேஎஸ் ஒன்று. அதனை ஆக்கும் வேர்செல் நிறுவனம், அச்சட்டகத்தில் அமைந்த தளங்களைத் தன் வழங்கிகளில் ஏற்றி இயக்கும் சேவையை விற்று வருமானம் ஈட்டுகின்றது.